நிரந்தர அட்மின்

புதுச்சேரிப் பக்கத்து உறுவையாற்றுத் தங்கவேலுக்கு இந்த உலகத்தில் இருந்தது ஒரே ஒரு பதவி. அதுவும் செல்போனுக்குள் இருந்தது. மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் கூடிப் புத்தகம் பேசுகிற 'ஆற்றங்கரை இணைய வாசகர் வட்டம்' என்கிற குழுவுக்கு அவர் அட்மின். சம்பளம் கிடையாது, சால்வை கிடையாது, ஒரு வாய் டீகூடக் கிடையாது. ஆனாலும் அந்தப் பதவியை யாராவது பிடுங்கிக்கொள்வார்களோ என்று மனுஷன் பயந்த பயம் இருக்கிறதே, மந்திரிகள்கூட அப்படிப் பயந்திருக்க மாட்டார்கள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. கொம்யூன் பஞ்சாயத்தில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் தங்கவேல். வேலையில் இருந்தவரைக்கும் வால்வு அவர் கையில் இருந்தது. எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்பது அவர் மனசு வைத்தால்தான் தெரியும். காலையில் குடத்தோடு நின்ற ஊரே 'தங்கவேலண்ணே, தங்கவேலண்ணே' என்று குழைந்தது. கல்யாணம் என்றால் அவருக்கு முதல் பந்தி. ஓய்வு பெற்ற மறுநாள் வால்வு வேறொருவர் கைக்குப் போயிற்று, வணக்கமும் அதன் கூடவே போயிற்று. கோயில் கமிட்டியில் ஒரு இடம் கேட்டுப் பார்த்தார். "பாக்கலாம் தங்கவேலு" என்றார்கள். அண்ணன் கழன்று வெறும் தங்கவேலு ஆகிவிட்டோம் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

அந்த நேரம் பார்த்துக் கொரோனா வந்து ஊரை வீட்டுக்குள் அடைத்தது. அப்பா சும்மா உட்கார்ந்து அம்மாவின் உயிரை எடுக்கிறாரே என்று சென்னையில் வேலை பார்க்கிற மகள் சரண்யா, போனில் கூட்டம் நடத்துகிற வித்தையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். யாரைப் பேச விடலாம், யார் வாயை மூடலாம், யாரை வெளியே தூக்கிப் போடலாம், எல்லாம் ஒரு விரலில் இருந்தது. தங்கவேல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அட, இதுவும் வால்வுதானே! வாசகர் வட்டம் பிறந்த கதை இவ்வளவுதான்.

"வாசகர் வட்டம்னா பொஸ்தகம் படிக்கணுமேய்யா?" என்று கேட்டாள் மனைவி கலியம்மாள்.

"அதெல்லாம் படிக்கிறவங்க படிப்பாங்க. நீ போயி வேலயப் பாரு."

படிக்கிறவர்கள் மட்டும்தான் வட்டத்தில் இல்லை, மற்றபடி எல்லாரும் இருந்தார்கள். வில்லியனூரில் தனியார் பள்ளி ஆசிரியை விஜயராணி முன்னுரையை மட்டும் படித்துவிட்டு முழுப் புத்தகத்துக்கும் தீர்ப்புச் சொல்வார். சேதராப்பட்டுக் கம்பெனியில் ஷிப்டு பார்க்கிற பிரிட்டோ, கம்பெனி பஸ்ஸில் வந்தபடியே அட்டைப்படத்தைப் பாராட்டுவார். மிச்சம் பேர் 'அருமை' என்று எழுதிப் போடுவார்கள். நாவலா, அருமை. கவிதையா, அருமை. ஒருமுறை புத்தகத்தின் பெயரைப் போடத் தங்கவேல் மறந்துபோய் வெறும் படத்தை மட்டும் போட்டார், அதுவும் அருமைதான். தங்கவேல் என்ன செய்வார்? நூலகத்துக்குப் போய் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுப்பார், முன்னட்டையையும் பின்னட்டையையும் போனில் படம் பிடிப்பார், இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டு வருவார். பின்னட்டையில் இருப்பதைக் கூட்டத்தில் குரலை ஏற்றி இறக்கி வாசித்தால் அதுதான் தலைமையுரை. அவர் போனில் 'அ' என்று ஒரு எழுத்தைத் தொட்டாலே 'அருமை' தானாக வந்து விழும், அந்த அளவுக்கு அந்த வார்த்தை தேய்ந்திருந்தது.

வட்டத்துக்கு ஒரே ஒரு விதி உண்டு. செத்துப்போன எழுத்தாளர்களின் புத்தகங்களை மட்டும்தான் பேச வேண்டும். இது மரியாதைக்காக வந்த விதி இல்லை. ஆரம்பத்தில் ஒருமுறை கடலூர்ப் பக்கத்து எழுத்தாளர் ஒருவரை உயிரோடு கூட்டத்துக்கு அழைத்துத் தொலைத்தார்கள். அந்த ஆள் வந்து உட்கார்ந்துகொண்டு, "எந்த அத்தியாயம் உங்களுக்குப் பிடிச்சிது?" என்று ஒரு கேள்வி கேட்டார். அவ்வளவுதான், ஒருவர் விடாமல் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நெட்வொர்க் போய்விட்டது. அன்றைக்கே தங்கவேல் விதியை எழுதினார். செத்தவர்கள் தங்கமானவர்கள், எதையும் கேட்க மாட்டார்கள். கூட்டம் தொடங்கும்போது எல்லார் மைக்கையும் தங்கவேல் மூடுவார், செத்த எழுத்தாளருக்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி. ஊரே தன் விரலுக்கு அடங்கி வாய் மூடி உட்கார்ந்திருக்கிற அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவர் மாதம் முழுவதும் காத்துக்கிடந்தார்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த பதவிக்கு வினையாக வந்து சேர்ந்தவர் வீரப்பன். பாகூர்ப் பக்கம் நெல்லும் கரும்புமாக நிலபுலன் உள்ளவர். கோயில் கமிட்டித் தலைவர், பெற்றோர் சங்கத் தலைவர், ஏரிப் பாசன சங்கத் தலைவர். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருந்தே தீர வேண்டும் என்கிற ஜாதகம். உள்ளே வந்த இரண்டாவது கூட்டத்திலேயே கேட்டார்:

"இன்னா தங்கவேலு, கூட்டம் சப்புனு போவுதே? எப்பவோ செத்தவங்களப் பத்தி எவ்ளோ நாளு பேசுவ? அடுத்த மாசம் களகட்டலன்னா அட்மின எங்கிட்ட குடுத்துடு. நான் பாத்துக்கறேன்."

உடனே கீழே நாலைந்து 'அருமை' விழுந்தது. அன்றைக்குத் தங்கவேல் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. வால்வு போன வலியே இன்னும் ஆறவில்லை, இதுவும் போனால் பிறகு தெருவில் எப்படி நடப்பது? எப்பவோ செத்தவர்கள்தானே சப்பென்று இருக்கிறார்கள், புதிதாகச் செத்த எழுத்தாளர் ஒருவர் கிடைத்தால் கூட்டம் களைகட்டும் என்று கணக்குப் போட்டார். நல்ல மனுஷன்தான். ஆனால் அந்த வாரம் முழுக்க அவர் பேப்பரில் இரங்கல் செய்தியைத் தேடித் தேடிப் படித்ததைப் பார்த்துக் கலியம்மாளே, "இன்னாய்யா, எவன் சாவான்னு பாத்துனு கீற?" என்று திட்டினாள்.

தேடின மருந்து காலில் மாட்டியது. காலாப்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பும்போது, பிள்ளைச்சாவடித் திருப்பத்தில் ஒரு பேனரைப் பார்த்தார். நம் பக்கத்துப் பேனர் வழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். செத்தவர் படம் ஒரு பாதி என்றால், பேனர் வைத்தவர் படம் மறுபாதி. சில இடங்களில் செத்தவரைவிட வைத்தவர்தான் பெரிதாக இருப்பார். இந்தப் பேனரின் இடது பாதியைக் கடல்காற்று கிழித்துக்கொண்டு போயிருந்தது. அந்தப் பாதியில் இருந்தவர்தான் செத்தவர், சேவியர் என்கிற மீன் வியாபாரி. மிஞ்சி நின்ற வலது பாதியில் மேலே 'அஞ்சலி' என்று இருந்தது. அதற்குக் கீழே, வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மாள் படமும் 'எழுத்தாளர் லில்லி டேனியல்' என்கிற பெயரும் இருந்தன. அந்த அம்மாள் சேவியருக்குச் சித்தப்பா மகள், அண்ணனுக்காகப் பேனர் வைத்தவர். தங்கவேல் இதையெல்லாம் யாரிடமாவது இறங்கி விசாரித்தாரா? ஓடுகிற பஸ்ஸிலிருந்தே போனை நீட்டிப் படம் எடுத்தார். "எழுத்தாளர், அதுவும் நம்ம புதுச்சேரி, அதுவும் புத்தம்புதுசு!" என்று வாய்விட்டே சொன்னார். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

நூலகத்தில் தேடியபோது அந்த அம்மாள் எழுதிய ஒரே நாவல் கிடைத்தது. 'சவுக்குத்தோப்புக்கு அந்தாண்ட' என்று பெயர், முப்பது வருஷத்துக்கு முன்னால் அச்சானது. வழக்கம்போல அட்டையைப் படம் எடுத்துவிட்டு வைத்துவிட்டார். அன்றைக்கே போஸ்டர் தயாராயிற்று. லில்லி டேனியலைக் கறுப்பு வெள்ளையாக்கி, மாலை போட்டு, பக்கத்தில் குத்துவிளக்கு ஏற்றி, 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று எழுதியிருந்தார். கீழே அதே அளவுக்குத் தங்கவேலின் சிரித்த முகம், போன் நம்பரோடு.

குழுவில் பிடித்துக்கொண்டது பாருங்கள்! அழுகிற பொம்மைகளாகக் கொட்டின. வீரப்பன் அவசரமாக ஒலிப்பதிவு அனுப்பினார்: "அய்யோ, லில்லியம்மாவா? போன வாரம்தான் எங்கிட்ட போன்ல பேசுனாங்க." விஜயராணி அந்த அம்மாவின் கையாலேயே ஒரு பிரதி வாங்கியதாக எழுதினார். பிரிட்டோ, "எங்க சித்தி மொறை ஆவணும்" என்று போட்டார். முப்பது வருஷமாக நூலகத்தில் தூசு தின்ற புத்தகத்துக்கு ஒரே நாளில் இத்தனை வாசகர்கள், இத்தனை சொந்தக்காரர்கள். போஸ்டர் கைமாறிக் கைமாறிப் பல குழுக்களுக்குப் போயிற்று. அப்படிப் போனதில் ஒன்று பிள்ளைச்சாவடியில் தேவி என்கிற பெண்ணின் போனில் போய் விழுந்தது. தேவி, லில்லி டேனியலின் மருமகள். அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த மாமியாரிடம் போனைக் காட்டி, "அத்த, நீங்க செத்துட்டீங்களாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரை கொள்ளாத கூட்டம். தங்கவேல் இஸ்திரி போட்ட சட்டையும் கைலியுமாக உட்கார்ந்திருந்தார், சட்டைக்குக் கீழே யார் பார்க்கப் போகிறார்கள். கலியம்மாள் கதவோரம் நின்று முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். 'தேவி' என்கிற பெயரில் ஒரு கட்டம் புதிதாக வந்து, முகம் காட்டாமல் உட்கார்ந்திருந்தது. தங்கவேல் எல்லார் வாயையும் மூடி அஞ்சலியை நடத்தினார். பிறகு பின்னட்டையை வாசித்தார். அடுத்து வீரப்பன்.

"கடைசி நேரத்துல நான் ஆஸ்பத்திரியில போய் பாத்தேன். என் கையப் புடிச்சினு, 'வீரப்பா, என் எழுத்தக் காப்பாத்து'ன்னு சொன்னாங்க. அதோட கண்ண மூடிட்டாங்க."

பல கட்டங்களில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்போது தேவியின் கட்டத்தில் முகம் தெரிந்தது. போஸ்டரில் இருந்த அதே முகம். மாலை இல்லை, கண்ணாடி மட்டும் கூடுதலாக இருந்தது.

"வணக்கங்க. நான்தான் லில்லி. இது மருமக போனு. செத்தது எங்க சேவியர் அண்ணன், நான் இன்னும் கல்லறைக்குப் போவல." வீரப்பனைப் பார்த்து, "எந்த ஆஸ்பத்திரிங்க அது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்கிற ஆசையோடுதான் கேட்டார்.

வீரப்பன்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "யாரும்மா நீ? பேரு தேவின்னு கீது, லில்லின்ற. அஞ்சலிக் கூட்டத்துல பூந்து கலாட்டா பண்றியா? தங்கவேலு! இன்னா பாத்துனு கீற? ஆளத் தூக்கு! கூட்டம் நடத்தத் தெரியலன்னா சொல்லு, இப்பவே நான் எடுத்துக்கறேன்."

தங்கவேலுக்குத் தெரிந்துவிட்டது. அந்த முகத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி மாலை போட்டதே அவர்தானே, அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? "மன்னிச்சுக்குங்க, என் தப்புதான்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் முடிந்தது, அந்த அம்மாள் சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் அட்மின்? திரையில் வீரப்பன் முகம் காத்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாளின் முகமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. தங்கவேல் விரலை வைத்தார், அமுக்கினார். லில்லி டேனியலின் கட்டம் மறைந்துபோனது.

"அம்மாவோட ஆத்மா சாந்தியடைய இன்னொரு நிமிஷம் மௌனமா இருப்போம்" என்றார் விஜயராணி. இருந்தார்கள், வெட்கமே இல்லாமல். முடிந்ததும் வீரப்பன் எழுந்து நின்றே பேசினார். "தங்கவேலு மாதிரி கட்டுப்பாடான அட்மின் கெடைக்கிறது கஷ்டம். இனிமே இவருதான் நிரந்தர அட்மின்னு நான் முன்மொழியறேன்." அருமை, அருமை, அருமை என்று நிற்காமல் ஓடியது. ஆசைப்பட்டவை எல்லாம் ஒரே மாலையில் தங்கவேல் மடியில் வந்து விழுந்துவிட்டன. போனை அணைத்துவிட்டு ஒரு டீ கேட்டார்.

"உசுரோட கீற பொம்பளைய பொதைச்சிட்டு, டீ வேணுமா உனுக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள் கலியம்மாள். டீ வரவே இல்லை.

மறுநாள் காலையில் போன் வந்தது. போஸ்டரில் நம்பரைப் பெரிதாகப் போட்டது அவர்தானே. "தங்கவேல் தம்பியா? நேத்து நீங்க தூக்கிப் போட்ட லில்லி பேசறேன்." அந்த அம்மாள் திட்டவில்லை. "கோவம் ஒண்ணும் இல்ல தம்பி. அந்த பொஸ்தகத்த எழுதி முப்பது வருஷமாச்சு. ஒருத்தர், ஒரு ஆளு, அதப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்த பேசுனது கெடையாது. செத்தாத்தான் பேசுவீங்கன்னா, செத்தவளாவே என்ன சேத்துக்குங்க." வெளியில் போய் இந்த அம்மாள் வாய் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்து, பயத்தில்தான் சேர்த்தார் தங்கவேல். மனசாட்சி கினசாட்சி என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

குழுவில் புது உறுப்பினராக லில்லி டேனியல் வந்தார். முகப்புப் படமாக அவர் வைத்திருந்தது தங்கவேல் தயாரித்த அதே போஸ்டர், மாலையும் குத்துவிளக்குமாக. அடுத்த நாள் காலையில் வீரப்பன் குழுவைவிட்டு வெளியேறினார். ஏரிச் சங்க வேலை அதிகமாம். அடுத்த மாதக் கூட்டத்தில் பேச எடுத்த நாவல், நாற்பது வருஷத்துக்கு முன் செத்த ஒருவருடையது. லில்லியம்மா முழுதாகப் படித்துவிட்டு வந்திருந்தார். "அந்தப் பொண்ணு கடைசியில ஏன் புருஷன் வூட்டுக்கே திரும்பி வந்தா? யாராவது சொல்லுங்களேன், எனக்குப் புரியவேல்ல" என்று உண்மையாகவே கேட்டார். விஜயராணிக்கு நெட்வொர்க் போனது. பிரிட்டோவுக்கு ஷிப்டு மாறியது. கட்டங்கள் ஒவ்வொன்றாக அவிந்து, கடைசியில் திரையில் இரண்டே பேர். அட்மின் மட்டும் ஓட முடியாது, அவர் போனால் கூட்டமே கலைந்துவிடும். நிரந்தரம் என்றால் என்னவென்று தங்கவேலுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

"சரி தம்பி, அடுத்த மாசம் என் பொஸ்தகத்தையே பேசலாமா? உங்க விதியும் இடிக்காது. நான்தான் செத்தாச்சே."

வேறு வழியில்லாமல் தங்கவேல் நூலகத்துக்குப் போனார், முதன்முதலாக ஒரு புத்தகத்தைப் பதிவு செய்து வீட்டுக்கு எடுத்து வந்தார். முதல் பக்கத்திலேயே கொட்டாவி வந்தது. மறுநாள் கலியம்மாள் பார்க்கிறாளே என்கிற வீம்பில் இன்னும் கொஞ்சம் படித்தார். சவுக்குத்தோப்புக்கு அந்தப் பக்கம் ஒரு குப்பம். அங்கே குடிதண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற பெண்கள். வால்வு திறக்கிற ஒருத்தன். அவன் கெட்டவன் இல்லை, லஞ்சம் வாங்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. 'அண்ணே, அண்ணே' என்று கூப்பிடுகிற சத்தம் அவனுக்குப் பிடித்திருந்தது, அதனால் கொஞ்சம் தாமதமாகத் திறப்பான். அவ்வளவுதான். ஒருநாள் அப்படி நின்றதில் ஒரு பெண், காய்ச்சலில் கிடந்த பிள்ளையிடம் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. தங்கவேல் அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு ஒரே மூச்சாகக் கடைசிவரை படித்து முடித்தார்.

"இன்னாய்யா மூஞ்சி இப்டி கீது? கதை சரியில்லியா?" என்றாள் கலியம்மாள்.

அவருக்குக் குழுவில் ஏதாவது எழுத வேண்டும் என்று தோன்றியது. போனை எடுத்து 'அ' என்று தொட்டார். 'அருமை' வந்து விழுந்தது. அதைப் பார்க்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது, அழித்தார். வேறு ஒரு வார்த்தை எழுதலாம் என்று பார்த்தால், இத்தனை வருஷ அட்மின் வேலையில் அவரிடம் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

கடைசி ஞாயிறு வந்தது. திரையில் இரண்டு கட்டங்கள், ஒன்றில் மாலை போட்ட படம், ஒன்றில் தங்கவேல். அஞ்சலி நடக்கவில்லை, யார் வாயையும் அவர் மூடவில்லை. லில்லியம்மா போஸ்டரை விலக்கி முகம் காட்டினார்.

"படிச்சீங்களா தம்பி?"

"படிச்சேன்மா."

"எப்பிடி இருந்துது?"

முப்பது வருஷமாக யாரிடமும் கேட்க முடியாமல் வைத்திருந்த கேள்வி. கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் இமைக்காமல் காத்துக்கொண்டிருந்தன. தங்கவேல் வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"தம்பி? அப்பிடியே நின்னுட்டீங்களே, நெட்வொர்க் போயிடுச்சா?"

"இல்லம்மா" என்றார் தங்கவேல். "நெட்வொர்க் நல்லாத்தான் கீது."